25 வாட் சால்டரிங் அயர்ன் சர்க்யூட் போர்டைக் கெடுக்கிறது. 60 வாட் வாங்கினால் கருகிவிடாதா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீளமான கடிதம் அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அவர் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவர். மாலையில் எலக்ட்ரானிக்ஸ் கிட்களை வாங்கிப் பூட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. சால்டர் என்கிற உலோகக் கம்பியை உருக்கிப் பாகங்களைப் போர்டில் பற்றவைக்க, அண்ணன் கொடுத்த 25 வாட் சால்டரிங் அயர்ன் இருக்கிறது: இரண்டு பின் பிளக், ஊசி போல் கூரான முனை. முதல் கிட் சரியாக ஓடியது. இரண்டாவதாக எடுத்த டிஜிட்டல் கடிகாரத்தில் சிக்கல். "மற்ற பின்கள் எல்லாம் ஒழுங்காகப் பற்றின. மைனஸ் பக்கத்தோடு சேரும் கிரவுண்டு பின்களில் மட்டும் சால்டர் உருகவே இல்லை. அழுத்திப் பிடித்தேன். போர்டில் இருந்த செம்பு வளையமே கழன்று கையோடு வந்துவிட்டது." முனை அடிக்கடி கறுத்துப்போவதால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறார். பற்றாத இடங்களில், வீட்டில் கிடந்த பேஸ்ட் டப்பாவிலிருந்து கொஞ்சம் தொட்டு வைக்கிறார். ஒருநாள் டெஸ்டரை முனையில் வைத்துப் பார்த்தபோது அது மங்கலாக எரிந்திருக்கிறது. வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை. வேலை நடப்பது சாப்பாட்டு மேசையில். காரீயப் புகை குழந்தைக்கு ஆகாது என்று கணவர் கவலைப்படுகிறார். கிட்டோடு வந்த கம்பிச் சுருளில் 'எஸ்என் 99.3, சியூ 0.7' என்று அச்சடித்திருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்றும் கேட்கிறார்.

இப்போது அவர் முன் மூன்று தேர்வுகள்: கைப்பிடியில் திருகு உள்ள 60 வாட் அயர்ன், மேசையில் வைக்கும் ஸ்டேஷன், யுஎஸ்பி-சி சார்ஜரில் ஓடும் பேனா போன்ற அயர்ன். "வாட் கூடினால் போர்டு கருகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். குறைந்த வாட்டிலேயே இப்படிக் கெடுக்கிறேன் என்றால், என் கைதான் சரியில்லையா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கையில் குறை இல்லை. கிரவுண்டு பின்களில் மட்டும்தான் தகராறு என்று எழுதியிருக்கிறீர்கள், சுருளின் லேபிளையும் எழுத்து மாறாமல் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் போதும், என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம்.

முதலில் லேபிள். அது வாட் கணக்கு இல்லை, கம்பி எதனால் ஆனது என்கிற கணக்கு. 99.3 சதவீதம் வெள்ளீயம், 0.7 சதவீதம் செம்பு. அதாவது நீங்கள் இத்தனை நாள் பயன்படுத்திய கம்பியில் காரீயமே கிடையாது. கணவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆனால் இந்த நல்ல செய்தியோடு ஒரு சங்கடமும் சேர்ந்து வருகிறது. காரீயம் கலந்த 63/37 கம்பி (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் காரீயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும்; உங்களுடையது உருக 227 டிகிரி வேண்டும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து தொழிற்சாலைகள் பெரும்பாலும் காரீயமற்ற சால்டருக்கு மாறிவிட்டன. கிட்களிலும் அது வரத் தொடங்கிவிட்டது. அண்ணனின் அயர்னோ பழைய கம்பியோடு வேலை செய்து பழகியது. அதற்குத் தெரியாமலே வேலையைக் கூட்டிவிட்டீர்கள்.

அடுத்தது கிரவுண்டு. போர்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மற்ற பின்களிலிருந்து மெல்லிய கோடுகள் கிளம்பிப் போகும். கிரவுண்டு பின் மட்டும் போர்டு முழுவதும் பரந்த ஒரு செம்புப் பரப்பில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் கொடுக்கிற சூட்டைப் பின் வாங்கிக்கொள்வதற்கு முன்னால் அந்தப் பரப்பு இழுத்துக்கொள்ளும். நன்றாக வடிவமைத்த போர்டில் வளையத்துக்கும் பரப்புக்கும் நடுவே இடைவெளி விட்டு, நான்கு மெல்லிய கால்களால் மட்டும் இணைத்திருப்பார்கள், சூடு ஓடிவிடாமல் இருக்க. உங்கள் போர்டில் அந்தக் கால்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதிப் பழி போர்டை வடிவமைத்தவருக்கு.

வாட் வேறு, வெப்பநிலை வேறு

வாட் கூடினால் கருகும் என்று சொன்னவர்கள் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது வெப்பநிலை. குறைந்தால் எவ்வளவு வேகமாக மறுபடி நிரப்ப முடியும் என்பது வாட். முனையில் சென்சார் உள்ள 60 வாட் அயர்னை 350 டிகிரியில் வைத்தால் அது 350-இல்தான் நிற்கும். அந்த 60 வாட்டும் தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும்.

உங்களிடம் இருப்பதில் சென்சார் கிடையாது. பிளக்கில் செருகிய நேரத்திலிருந்து 25 வாட்டை ஓயாமல் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போது முனையின் சூடு 400 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ போய்விடும். உங்கள் முனை கறுப்பது அதனால்தான். அதே அயர்னைக் கிரவுண்டு பின்னில் வைத்த மறுகணம் சூடு சரிகிறது. திரும்ப ஏற்ற 25 வாட் போதவில்லை. ஆக, சும்மா இருக்கும்போது அளவுக்கு மீறிய சூடு, வேலை செய்யும்போது போதாத சூடு. இரண்டு குறையும் ஒரே கருவியில்.

வளையம் கழன்றதும் இப்படித்தான். செம்பு வளையம் போர்டோடு ஒட்டியிருப்பது பிசினால். சாதாரணக் கண்ணாடியிழைப் போர்டுகளின் பிசின் 130, 140 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பித்துவிடும். சால்டர் உருக வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. எனவே எத்தனை டிகிரி என்பதைவிட எத்தனை வினாடி, எவ்வளவு அழுத்தம் என்பதுதான் வளையத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சக்தியுள்ள அயர்ன் 350 டிகிரியில் இரண்டு மூன்று வினாடியில் வேலையை முடித்து விலகிவிடும். சக்தியற்றது கால் நிமிடம் அங்கேயே நின்று சுற்றுவட்டாரம் முழுவதையும் இளக வைக்கும். அந்த நேரத்தில் நாம் பொறுமை இழந்து அழுத்துவோம். அழுத்தினால் வளையம் போயிற்று.

முனைதான் பாதி அயர்ன்

நுட்பமான வேலைக்கு ஊசி முனைதான் ஏற்றது என்று தொடங்குகிறவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். கடைகளிலும் அதையே மாட்டி விற்கிறார்கள். நீங்களும் புது அயர்னுக்கு "இன்னும் மெல்லிய முனை" தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கூம்பு முனை பின்னைத் தொடுவது ஒரு புள்ளியில். சூடு அந்தப் புள்ளி வழியாக மட்டும்தான் போக முடியும். உளி போல் தட்டையான முனையை வைத்தால் அதன் முகம் முழுவதும் பின்னிலும் வளையத்திலும் ஒரே நேரத்தில் படியும். உங்கள் கிட் வேலைக்கு 1.6 மில்லிமீட்டர் அகல உளி ஒன்று, கிரவுண்டு பின்களுக்கும் தடித்த வயர்களுக்கும் 2.4 மில்லிமீட்டர் ஒன்று, இந்த இரண்டும் போதும். மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகளின் பின்களுக்கு இடையே தூரம் 2.54 மில்லிமீட்டர். 1.6 உளி அதில் பக்கத்துப் பின்னை இடிக்காமல் உட்காரும். கூம்பு முனையை நான் தேடி எடுப்பது அபூர்வம்.

உப்புத்தாளை இன்றோடு நிறுத்துங்கள். முனையின் உள்ளே இருப்பது செம்பு. வெளியே மெல்லிய இரும்புப் பூச்சு. உருகிய வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்னும், அதைத் தடுக்கத்தான் அந்த இரும்பு. நீங்கள் தேய்த்தது கறுப்பை மட்டும் அல்ல, பூச்சையும். முனையில் சிறு குழி விழுந்து செம்பு நிறம் தெரிந்தால் அந்த முனை முடிந்துவிட்டது, மாற்றிவிடுங்கள். கறுத்த முனையைப் பித்தளைச் சுருளில் குத்தி எடுங்கள். அல்லது நன்றாகப் பிழிந்த ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, உடனே புதுச் சால்டர் தொட்டு வையுங்கள். அணைக்கும் முன்னால் முனையைச் சால்டரால் மூடிவிட்டு அணையுங்கள். நிறையப் பேர் சுத்தமாகத் துடைத்துப் பளபளவென்று வைத்து அணைப்பார்கள். முனையைக் கெடுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

அந்தப் பேஸ்ட் டப்பாவையும் எடுத்துப் படியுங்கள். தண்ணீர்க் குழாய், தகரம் பற்றவைக்கும் பேஸ்ட்களில் பலவற்றில் துத்தநாகக் குளோரைடு போன்ற அரிக்கும் பொருள் இருக்கும். அன்றைக்கு அழகாகப் பற்றும், பிறகு மாதக்கணக்கில் செம்புக் கோட்டை அரித்துக்கொண்டிருக்கும். எலக்ட்ரானிக்ஸுக்கு என்று விற்கும் ரோசின் பிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பற்ற உதவும் மரப்பிசின்) மட்டும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே பேஸ்ட் தொட்ட இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷால் இரண்டு முறை கழுவிவிடுங்கள்.

மூன்றில் எது?

கைப்பிடியில் திருகு உள்ள 60 வாட் அயர்ன்கள் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இரண்டு சாதி. ஒன்றில் திருகு வெறுமனே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும். அதில் 200, 300, 450 என்று எண்கள் அச்சடித்திருந்தாலும் அந்த எண்களுக்கும் முனைக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொன்றில் ஹீட்டரோடு சென்சார் இருக்கும். வாங்குமுன் ஒரு சோதனை: சூடேறியதும் விளக்கு அணைகிறதா அல்லது மினுக்குகிறதா, முனையை ஈர ஸ்பாஞ்சில் வைத்ததும் மறுபடி எரிகிறதா என்று பாருங்கள். அப்படி நடந்தால் சென்சார் இருக்கிறது. கையிருப்பு குறைவென்றால் சென்சார் உள்ளதையும் உளி முனையையும் வாங்கி ஓட்டலாம். ஆனால் வீட்டு மின்சாரம் நேராகக் கைப்பிடிக்குள் வருகிறது, எர்த் உள்ள மூன்று பின் பிளக்காக இருந்தால் மட்டும் எடுங்கள்.

உங்கள் டெஸ்டர் எரிந்த கதைக்கு இங்கேதான் பதில். இரண்டு பின் அயர்னில் ஹீட்டரிலிருந்து முனைக்குக் கொஞ்சம் மின்சாரம் கசியும். டெஸ்டருக்கு அந்தச் சிறு கசிவே போதும், எரிந்துவிடும். ஆனால் அது வெறும் சிறு கசிவா, காப்பு கெட்டுப்போய் வருவதா என்று டெஸ்டரால் சொல்ல முடியாது. ஐந்து வயதுக் குழந்தை உள்ள வீட்டில் இந்தச் சந்தேகத்தோடு அதை ஓட்ட வேண்டாம், ஓய்வு கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாத கசிவுகூட மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், மைக்ரோகண்ட்ரோலர் சில்லு போன்ற பாகங்களைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

ஸ்டேஷன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிடுகிறது. வீட்டு மின்சாரத்தைப் பெட்டிக்குள்ளேயே 24 வோல்ட் அளவுக்கு இறக்கி, முனையை எர்த்தோடு இணைத்து, கனமான ஸ்டாண்டும் தருகிறது. வயர் சிலிக்கோன் உறையில் வந்தால் தவறி முனை பட்டாலும் உருகாது. ஹாக்கோ 900எம் வகை முனைகளைப் போடுகிற பழைய பாணி ஸ்டேஷன்களில் ஹீட்டர் தனி, முனை அதன் மேல் உறைபோல் செருகியிருக்கும். நடுவில் இருக்கும் காற்று இடைவெளி சூட்டைத் தாமதப்படுத்தும். டி12, ஜேபிசி சி245 போன்ற கார்ட்ரிட்ஜ்களில் ஹீட்டரும் சென்சாரும் முனையோடு சேர்ந்தே ஒரே குச்சியாக இருக்கும். கிரவுண்டு பின்னில் வைக்கும்போது இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். நிரந்தரமாக ஒரு மேசையும் வாரம் முழுவதும் வேலையும் இருந்தால் கார்ட்ரிட்ஜ் ஸ்டேஷன் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன்.

உங்களுக்கு நிரந்தர மேசை இல்லை. ஒவ்வொரு முறையும் எடுத்து வைக்க வேண்டும். மடிக்கணினிக்கு 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் ஏற்கெனவே இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் மூன்றாவதைத்தான் சொல்வேன். பைன்சில், டிஎஸ்101 வகை யுஎஸ்பி-சி அயர்ன்களும் கார்ட்ரிட்ஜ் முனையில்தான் ஓடுகின்றன. கைப்பிடி முனைக்கு அருகில் இருப்பதால் கை நடுக்கமும் குறையும். அசைக்காமல் வைத்தால் தானே சூட்டைக் குறைத்துத் தூங்கிவிடும் வசதி இவற்றில் உண்டு. குழந்தை கூப்பிட்டு எழுந்து ஓடும் வீட்டுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் "பவர் பேங்கிலேயே ஓடும்" என்று விளம்பரத்தில் வருவதை அப்படியே நம்பாதீர்கள். இந்த முனைகள் பலவற்றின் ஹீட்டர் மின்தடை சுமார் 8 ஓம். 20 வோல்ட் கிடைத்தால் 50 வாட் வரும். 12 வோல்ட் மட்டும் தரும் பவர் பேங்கில் 18 வாட், 9 வோல்ட்டில் 10 வாட், சாதாரண 5 வோல்ட்டில் 3 வாட். உங்கள் பவர் பேங்கின் முதுகில் சிறு எழுத்தில் உள்ள வெளியீட்டு வரியில் 20 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதுள்ள 25 வாட்டைவிடப் பலவீனமான அயர்னைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும். மடிக்கணினி சார்ஜர்தான் இதற்குச் சரி.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எர்த் இல்லாத சார்ஜரில் ஓடும்போது முனையில் மெல்லிய கசிவு வரும், டெஸ்டர் இங்கேயும் எரியலாம். இந்த அயர்ன்களில் எர்த் கம்பி இணைக்க ஒரு சிறு திருகு கொடுத்திருப்பார்கள். அதற்கென வரும், 1 மெகாஓம் மின்தடை கோத்த கிளிப் வயரை வாங்கி, எர்த்தான உலோகத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். எர்த் என்று பிளக் பாயின்ட்டுக்குள் எதையும் செருகிப் பார்க்க வேண்டாம். பேட்டரி, சார்ஜர் எதுவும் இணைந்திருக்கும் போர்டில் அயர்னை வைக்கவும் கூடாது. இந்த அயர்ன்கள் பலவும் ஸ்டாண்ட் இல்லாமலே பெட்டியில் வருகின்றன. கனமான அடிப்பாகம் உள்ள ஸ்டாண்டைச் சேர்த்து வாங்குங்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

போலிகள் நிறைய உலாவுகின்றன. எந்த அயர்னை எடுத்தாலும் அதற்கான உளி முனை தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முனை கிடைக்காத அயர்ன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம்.

புகையும் குழந்தையும்

காரீயம் புகையாகப் போகிறது என்ற பயம் பரவலானது. காரீயம் கொதிக்க 1749 டிகிரி வேண்டும். 350 டிகிரியில் அது ஆவியாவது பொருட்படுத்தத் தக்க அளவில் இல்லை. நீங்கள் பார்க்கும் வெண்புகை கம்பிக்குள் இருக்கும் பிளக்ஸ் எரிகிற புகை. அதனால் புகை நல்லது என்று ஆகிவிடாது. ரோசின் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வருவது தொழிலிடங்களில் நன்கு அறியப்பட்ட ஒன்று. காரீயமற்ற கம்பியிலும் இந்தப் புகை உண்டு. முகத்தைப் போர்டுக்கு நேர் மேலே வைக்காதீர்கள், ஒரு சிறு மின்விசிறியைப் புகையை உங்களிடமிருந்து ஜன்னல் பக்கம் இழுக்கும்படி வையுங்கள். குழந்தைக்கு இளைப்பு இருந்தால் அந்த அறையில் செய்யவே வேண்டாம்.

காரீயம் உடலுக்குள் போவது விரல் வழியாக, வாய்க்கு. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்துக்கு இல்லை என்பதே உலக சுகாதார அமைப்பின் நிலை. 63/37 கம்பி வேலைக்குச் சுகமானது, சந்தேகமில்லை. குறைந்த சூட்டில் உருகும், பளிச்சென்று படியும். தனி அறை இருப்பவருக்கு அதைத்தான் சொல்வேன். சாப்பிடுகிற மேசையிலேயே வேலை செய்கிற உங்களுக்குக் கையில் இருக்கும் காரீயமற்ற கம்பியையே தொடரச் சொல்கிறேன். அயர்னை 350-லிருந்து 380 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேசை மேல் ஒரு தட்டோ சிலிக்கோன் விரிப்போ போட்டு, முடித்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பின்களை வெட்டும்போது துண்டுகள் தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்வதோடு, வெட்டும் முனையை விரலால் மறைத்துக்கொண்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துண்டு தரையில் கிடந்து குழந்தையின் காலில் ஏறும்.

அடுத்ததாக ஒரு ஸ்பீக்கரின் லித்தியம் பேட்டரியை மாற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பேட்டரியின் உடம்பில் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஏற்கெனவே வயரோ தகடோ வைத்து வரும் பேட்டரியாக வாங்கி, அந்த வயர் முனையில் மட்டும் பற்றவையுங்கள். அதையும் ஒவ்வொரு வயராக, மற்றதை டேப்பால் மூடிவிட்டு.

புது அயர்னோடு அமரும்போது

தட்டை முகத்தில் துளி சால்டர் தொட்டுக்கொள்ளுங்கள். அந்த ஈரம் இருந்தால்தான் சூடு ஓடும். உளியை வளையத்தையும் பின்னையும் ஒருசேரத் தொடும்படி சாய்த்து வையுங்கள், அழுத்தம் கொடுக்க வேண்டாம். ஒரு வினாடி கழித்துக் கம்பியை எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுங்கள், அயர்னில் அல்ல, பின்னில். சால்டர் உருண்டு நிற்காமல் வளையம் முழுவதும் பரவிப் பின்னில் சற்று ஏறி, பக்கவாட்டில் உட்குழிந்து நிற்கும். கம்பியை முதலில் எடுங்கள், பிறகு அயர்னை. ஐந்து வினாடி ஆகியும் பரவவில்லையா? எடுத்துவிடுங்கள். ஆற விட்டு, பிளக்ஸ் தொட்டு, 2.4 முனையை மாட்டி மறுபடி வாருங்கள். காரீயமற்ற சால்டர் ஆறியதும் சற்று மங்கலாகத்தான் இருக்கும். பளபளப்பு இல்லையே என்று மறுபடி மறுபடி சுட வேண்டாம்.

கடிகார போர்டைத் தூக்கி எறியாதீர்கள். கழன்றது கிரவுண்டு வளையம்தான், அந்தச் செம்புப் பரப்பு போர்டெங்கும் இருக்கிறது. பின்னுக்கு அருகே உள்ள பச்சைப் பூச்சைக் கத்தி முனையால் அரிசி அளவுக்குச் சுரண்டுங்கள், செம்பு மின்னும். அதில் பிளக்ஸ் தொட்டு மெல்லியதாகச் சால்டர் பூசி, வெட்டிப் போட்ட மின்தடைக் கால் ஒன்றை வளைத்துப் பின்னையும் அந்த இடத்தையும் இணைத்துவிடுங்கள். பக்கத்தில் வேறு கோடு எதையும் அந்தக் கால் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரைப் பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஒலிக்கிறதா, பின்னுக்கும் மின்சாரம் வரும் பாசிட்டிவுக்கும் இடையே ஒலிக்காமல் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.